இசக்கிக்கு ஒரு பிராக்ஸி

“எந்திரிளா, வகுப்பு தொடங்கப் போகுது” என்றாள் கண்ணாடிக்குள் இருந்த இசக்கியம்மாள். கட்டிலில் கிடந்த இசக்கியம்மாள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

பாளையங்கோட்டையின் அந்த மாணவியர் விடுதியில் அறைக்கு ஓர் இலக்காடி. ஆளுயரக் கண்ணாடி. வகுப்பு, தேர்வு, வீட்டோடு பேச்சு எல்லாமே அதன் வழியாகத்தான். பருவத் தொடக்கத்தில் மாணவி தன் இலக்கை அதனிடம் சொல்ல வேண்டும். அதை அடைந்த பிறகு அவள் எப்படி இருப்பாளோ அந்த உருவம் கண்ணாடிக்குள் வந்து நிற்கும். எட்டியவள் என்று அதற்குப் பெயர். எழுப்பிவிடும், பாடம் சொல்லும், படிக்காவிட்டால் திட்டும். யார் சொல்லியும் கேட்காத பிள்ளை, தன் முகமே தன்னைக் கேவலமாகப் பார்த்தால் கேட்கும் என்பது அதைச் செய்தவர்களின் கணக்கு. நல்ல கணக்குத்தான். கல்லூரிப் பிள்ளைகளின் புத்தி போகும் போக்கை அந்த மேதாவிகளுக்கு யார் சொல்வது?

இசக்கி சொன்ன இலக்கு இதுதான்: முதல் வகுப்பில் தேறணும், அம்மா நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லும் மகளாக இருக்கணும்.

“எட்டி, இன்னிக்கு எனக்கு ஒரு பிராக்ஸி போட்டிரேன்” என்றாள் போர்வைக்குள்ளிருந்து. “உன் மூஞ்சியும் என் மூஞ்சிதான?”

எட்டியவள் கொஞ்சம் யோசித்தாள். “இலக்குக்கு நல்லதுதான். போடுதேன்.”

பேராசிரியர் பெயர் வாசித்தபோது கண்ணாடிக்குள்ளிருந்து “உள்ளேன் ஐயா” என்று குரல் வந்தது. இசக்கி சிரித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

பிறகு அதுவே பழக்கமாயிற்று. வகுப்புக்குப் பிராக்ஸி, தேர்வுக்குப் பிராக்ஸி. ஊரிலிருந்து அம்மா கூப்பிடும்போதுகூட இசக்கி சினிமாவிலோ தூக்கத்திலோ இருப்பாள்.

“அம்மா கூப்பிட்டாளா?”

“கூப்பிட்டா. பேசிட்டேன். எல்லாரும் நல்லா இருக்காங்க.”

அம்மாவிடம் தானே பேசி எத்தனை நாளாயிற்று என்று ஒருநாள் அவளுக்குச் சுருக்கென்றது. நாளைக்குப் பேசலாம் என்று விட்டுவிட்டாள். அந்த நாளை வரவே இல்லை.

தேர்வு முடிவு வந்த அன்று குளித்துவிட்டு ஈரத்தலையோடு அறைக்கு வந்தாள். இலக்காடியில் எட்டியவளுக்குப் பக்கத்தில் அம்மாவின் முகம் சிறிதாகத் தெரிந்தது. முதல் வகுப்பு. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அப்படிச் சிரித்து இசக்கி பார்த்ததே இல்லை. அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

“எம்மா, நான் பேசுதேன். நான்தாம்மா இசக்கி. நீ பாக்கிறது கண்ணாடிம்மா!”

கண்ணாடிக்கு வெளியே நின்ற இசக்கி அம்மாவுக்குத் தெரியவில்லை, அவள் குரல் மட்டுந்தான் கேட்டது. மிரண்டுபோனாள். “என்னளா இது? ரெண்டு குரலும் ஒண்ணுபோல இருக்கு!”

எட்டியவள் தடுக்கவில்லை. அவளுக்கு எந்த அவசரமும் இல்லை.

அம்மா கொஞ்சம் தெளிந்து கேட்டாள். “என் மகளாயிருந்தா சொல்லு பாப்பம். அப்பாவுக்கு எந்தக் கால்ல ஆபரேசன் ஆச்சு?”

“ஆபரேசனா?” இசக்கி பதறிப்போனாள். “அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு? எங்கிட்ட யாருமே சொல்லலியே!”

அம்மாவின் கண் எட்டியவள் பக்கம் போனது.

“வலது கால்மா” என்றாள் எட்டியவள் மெதுவாக. “இப்ப கம்பு ஊணாம நடக்காங்கன்னு முந்தாநாள் சொன்னியே. தைலம் தேச்சு விடுதியா?”

அம்மாவின் முகம் அப்படியே இளகியது. “தேய்க்கேன்மா.”

இசக்கி கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தாள். அம்மா, அம்மா என்று கத்தினாள். தொண்டை கட்டும்வரை அழுதாள்.

“பாவம், நெசமா அழுத மாதிரியே இருக்கு” என்றாள் அம்மா. “என்னது அது?”

“விடுதியில வச்சிருக்க இலக்காடிம்மா. படிக்கதுக்குத் துணைக்குக் குடுத்தது. அப்பப்ப என் குரல்ல இப்படிப் பேசும். இனிமே அது எனக்கெதுக்கு? அணைச்சிரட்டுமா?”

“அணைச்சிரு தாயி. கேக்கவே கஷ்டமா இருக்கு.”

எட்டியவள் கையை நீட்டினாள். இருட்டியது கண்ணாடி இல்லை, இசக்கி நின்ற பக்கம்தான்.