ஒரு லட்சத்து மூன்று

கொச்சி மட்டாஞ்சேரிச் சந்தையில் பங்கு போட வராத சரக்குக்கு மதிப்பே கிடையாது. ஒரு மூட்டை சுக்கு வண்டியை விட்டு இறங்குவதற்குள் நாலு பேர் பங்கு பேசி முடித்துவிடுவார்கள். இந்த ஊரில் பிறந்த ஸாதனாவுக்குப் போய் அப்படி ஓர் எண் கிடைத்தது!

பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு எண் சந்தை; பார்க்க ஊரே வரும். ஆளுக்கொரு சீட்டு. சீட்டில் வந்த எண்ணின் பெருமையைச் சொல்லிக் கூட்டம் சேர்க்க வேண்டும். மத்தியானம் வரை ஈ ஓட்டுகிற கடையின் மேசையை மடக்கி, நன்றாக ஓடும் கடைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஸ்ரீநாத்துக்கு வந்தது 1,10,880. "நூத்தி நாப்பத்தி நாலு எண் இதை மிச்சமில்லாம வகுக்குமாக்கும்!" என்று கொச்சங்காடி வரை கேட்கும்படி கத்தினான்.

ஸாதனாவுக்கு வந்தது 1,00,003.

இரண்டால் வகுத்தாள். ஒன்று மிச்சம். மூன்றால் வகுத்தாள். ஒன்று மிச்சம். ஏழால் வகுத்தபோது சரியாக வந்துவிடும் போலிருந்தது. கடைசியில் அதே ஒன்று வந்து பல்லை இளித்தது.

316 வரை போய்ப் பார்த்தாள். அதற்கு மேல் தேடிப் பயனில்லை. பெரிய எண் ஒன்று வகுக்குமானால், அதன் ஜோடியான சின்ன எண் முன்பே அகப்பட்டிருக்கும். எதுவும் அகப்படவில்லை.

"அம்மா, என் நம்பரை எதுவும் வகுக்கலை. ஒண்ணும், அந்த நம்பரும்தான் வகுக்கும்." கண்ணீர் தோசையில் சொட்டியது.

"டீச்சர்கிட்ட வேற சீட்டு கேளேண்டி," என்றாள் அம்மா லோகாம்பாள்.

"கேட்டாச்சு. கொடுத்த சரக்கைத் திருப்பி எடுக்கமாட்டாளாம்."

சந்தை நாளில் ஸாதனாவின் கடைக்கு ஒருவரும் வரவில்லை. ஒரு மாமா மட்டும் வந்து, குடை வைக்க இடம் இருக்கிறதா என்று கேட்டார். மணி பன்னிரண்டை நெருங்கியது. மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது அவளுக்கு.

ஸ்ரீநாத் வந்து பார்த்தான். அவனுக்கே பாவமாகிவிட்டது.

"அந்த மூணு எதுக்குடீ, கொசுறா? அழிச்சுடு. லட்சம்னா ஜம்முனு வகுபடும். யாருக்குத் தெரியப் போறது?"

ஸாதனா பலகையில் மூன்றை அழித்துப் பூஜ்யம் போட்டாள். லட்சம். இரண்டும் ஐந்தும் சுலபமாகப் பிய்த்துவிடும். மனசு ஒப்பவில்லை. பூஜ்யத்தை அழித்து ஒன்று போட்டாள். பதினொன்று வகுத்துவிட்டது. இரண்டு போட்டாள். இரட்டை எண். மறுபடி மூன்று போட்டாள்.

சாக்பீஸ் அப்படியே நின்றது.

"ஸ்ரீநாத்! ஆறு இலக்கத்துல உடையாத முதல் நம்பர் இதுதாண்டா!"

கீழே பெரிதாக எழுதினாள்: 'உடைத்தால் என் டிபன் உங்களுக்கு!'

இலவசம் என்று காதில் விழுந்தால் மட்டாஞ்சேரியில் யார் சும்மா இருப்பார்கள்? குறுமிளகு வியாபாரி ராசப்பன் முதல் ஆளாக வந்து, செல்போனில் கணக்குப் போட்டார்.

"மோளே, பதினேழு?"

"ஒன்பது மிச்சம், மாமா."

"இருபத்திமூணு?"

"இருபத்திரெண்டு மிச்சம்."

"அய்யோ, ஒண்ணுதானே குறையறது! அதை நான் போட்டுத் தரேன். முடிச்சுக்கலாமா?"

"இந்தக் கடையில பேரம் கிடையாது, மாமா!"

சிரிப்பைக் கேட்டு இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். மேசையை மடக்க வந்த டீச்சருக்கு உள்ளே நுழைய வழியில்லை. "நாப்பத்தி மூணு பார்த்தாச்சா?" என்று வெளியில் நின்றே கேட்டார். ஸ்ரீநாத் தன் கடையை விட்டுவிட்டு, நகத்தைக் கடித்தபடி வகுத்துக்கொண்டிருந்தான்.

ஸாதனாவுக்குப் பசித்தது. டிபனைத் திறந்து, எல்லோரும் பார்க்க, கடைசிப் பருக்கை வரை தானே சாப்பிட்டாள்.