205 மில்லிமீட்டர் மரணம்!

"கோமுகி ஆத்துல தண்ணி ஓட ஆரம்பிச்ச நாள்லேந்து, பொண்டாட்டி பேச்சைக் கேட்டு உருப்பட்ட ஆம்பளைன்னு ஒருத்தன்கூட இந்தக் கள்ளக்குறிச்சி மண்ணுல பொறக்கல!"

இன்ஸ்பெக்டர் தமிழரசன் இதைச் சிரிக்காமல் சொன்னார். கோர்ட்டில் சட்டப் பிரிவு படிக்கிற குரலில் சொன்னார்.

தலைமைக் காவலர் தேவிப்ரியா டீ கிளாஸை மேஜையில் வைத்தாள்.

"ஆராய்ச்சி பண்ணீங்களா சார்?"

"அனுபவம்மா! என் சம்சாரம் அமிர்தம் கிழக்குன்னா நான் மேற்கு. 'உங்களுக்கெல்லாம் போலீஸ் வேலை சரிப்படாது'ன்னா. அன்னிக்கே பரீட்சைக்குப் படிக்க உக்காந்தவன் நான். கேட்டிருந்தா இந்நேரம் எங்க மாமனார் கடையில புண்ணாக்கு நிறுத்துகினு இருந்திருப்பேன்!"

தேவிப்ரியா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

தமிழரசன் போனை எடுத்தார். எதிர்முனையில் ஒரு பெண்குரல். நடுங்கியது.

"சார்... கரியாலூர்லேந்து பொன்னாயி பேசறேன். சாமை கொல்லைக்குப் போய்க்கினு இருந்தேன்... ரோட்டோரம் பள்ளத்துல செவப்பு காரு ஒண்ணு கெடக்குது."

"உள்ள ஆள் இருக்காரா?"

மூச்சு வாங்கும் சத்தம்.

"இருக்காரு சார். ஆனா... இல்ல!"

கல்வராயன் மலைச்சாலை. கொண்டை ஊசி வளைவு. வெயில் சுள்ளென்று அடித்தது.

தடுப்புச்சுவரில் பெரிய ஓட்டை. அதற்குக் கீழே பள்ளம். பள்ளத்தில், புளியமரத்தைக் கட்டிப் பிடித்தபடி அந்தக் கார்.

பார்த்தால் வெளிநாட்டுப் பந்தயக் கார். தாழ்ந்த மூக்கு, இரண்டே இருக்கை, கூரை கிடையாது. உண்மையில் அது நகல். கச்சிராயபாளையத்துப் பட்டறையில் ஃபைபரில் வார்த்துச் செய்தது.

"உடம்பு இத்தாலி சார்..." தேவிப்ரியா எட்டிப் பார்த்தாள். "உள்ள ஆம்னி வேன் இன்ஜின்."

ஸ்டியரிங் சக்கரம் பாண்டியனின் நெஞ்சுக்குள் இருந்தது.

பாண்டியன், நாற்பது வயது. ஜவ்வரிசி ஆலை முதலாளி. கண்கள் திறந்தே இருந்தன. அவற்றில் வலி தெரியவில்லை. ஆச்சரியம் தெரிந்தது.

சாலையில் டயர் தேய்ந்த தடமே இல்லை!

"பிரேக் பிடிக்கவே இல்ல..." தமிழரசன் முணுமுணுத்தார். பள்ளத்தில் இறங்கி, வலது முன் சக்கரத்துக்குள் கையை விட்டார். பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் குழாய் இரண்டு துண்டாக வந்தது.

"அறுத்திருக்கான்!" மேலேயிருந்து ஒரு கத்தல்.

பாண்டியனின் அண்ணன் கண்ணாயிரம். வெள்ளை வேட்டியில் கட்சிக் கரை, கண்ணில் கண்ணீர், வாயில் கட்டளை.

"அந்த மெக்கானிக் சின்னக்கண்ணுதான் சார்! டயர் மாட்டுற அன்னிக்கே தம்பிகூட வாய் பேசினான். கொலை கேஸ் போடுங்க. இல்லன்னா சென்னை வரைக்கும் போவேன்!"

தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சேதி கேட்டுச் சின்னக்கண்ணு தானே பைக்கில் வந்து சேர்ந்தான். மலையில் பிறந்து, அடிவாரத்தில் பட்டறை வைத்தவன். காரைப் பார்த்ததும் அங்கேயே குந்திவிட்டான்.

கையில் விலங்கு மாட்டியபோதுகூட எழுந்திருக்கவில்லை.

"ஏன்டா பிரேக் ஹோஸை அறுத்த?"

"அறுக்கல சார். தின்னுருக்குது."

"எது?"

"டயரு!"

தமிழரசன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"என்னைப் பாத்தா கேனையன் மாரி தெரியுதா?"

சின்னக்கண்ணு சட்டென்று பதில் சொல்லாதது அவனுக்கு நல்லதாயிற்று.

"சத்தியமா சார். இடது பக்கம் பாருங்க. அங்க பாதிதான் தின்னு வெச்சிருக்கும்."

தேவிப்ரியா குனிந்து பார்த்தாள்.

"ஆமா சார்! வெட்டு இல்ல. தேய்ஞ்சி தேய்ஞ்சி மெல்லிசா ஆயிருக்கு. டயரோட உள்பக்கமும் பளபளன்னு கீது."

சின்னக்கண்ணு மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"இந்தக் காருக்கு முன்னாடி ஒன் சிக்ஸ்டி ஃபைவ் மில்லிமீட்டர் அகலம்தான் சார் அளவு. இவரு டூ நாட் ஃபைவ் போட்டாரு. சமதரையில ஒண்ணும் தெரியாது. ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சாதான் ஒரசும். முழுசா எங்க ஒடிப்போம்? இந்த மாரி வளைவுலதான்! ஏர்றப்ப வளைவுக்கு வளைவு தின்னுருக்கு. எறங்கறப்ப பிரேக்க மிதிச்சிருக்காரு... பிச்சுகிச்சு. ஒத்த லைன் பிரேக்கு இது, ஒரு பக்கம் எண்ணெய் போனா நாலு சக்கரமும் காலி."

"தெரிஞ்சே எதுக்குடா மாட்டுன?"

"சொல்ல வந்தேன் சார். அதுக்குள்ள செல்வியக்கா சொல்லிட்டாங்க. அவங்க ஒண்ணு சொன்னப்பறம் அந்த வூட்ல அந்தப் பேச்சு செல்லுமா? 'என் பொண்டாட்டி ஒனக்கும் ட்யூஷன் எடுத்தாளா'ன்னு என்னையத்தான் ஏறுனாரு."

கண்ணாயிரம் மூக்கைச் சிந்தினார்.

"அது நெசம் சார். நானும் அங்கதான் இருந்தேன். தம்பி சம்சாரம், செந்தமிழ்ச்செல்வி. 'ஒல்லி டயர் போடுங்க, அகலமா வேணாம், உசுருக்கு ஆபத்து'ன்னு அத்தனை பேர் எதிர்ல கெஞ்சுச்சு. தம்பி சிங்கம் சார்! 'பொம்பள சொல்லி டயர் மாட்டுனா அது காரா, தையல் மிஷினா?'ன்னான். இருக்கறதுலயே அகலமானதை மாட்டச் சொன்னான்."

தமிழரசன் தன்னை அறியாமல் பிணத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஆம்பள!"

தேவிப்ரியா மரத்தைப் பார்த்தாள். பிணத்தைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"ஏதோ... பாப்பாவாச்சும் பொழச்சிது சார்," கண்ணாயிரம் தொடர்ந்தார். "காத்தால கெளம்பறப்ப செல்வி ஒரே அடம். 'இலக்கியாவையும் கூட்டிக்கினு போங்க, கூட்டிக்கினு போங்க'ன்னு. கொழந்தை கார்லயே ஏறி உக்காந்துடுச்சு. நல்லவேளை, தம்பி கேக்கல. எறக்கி வுட்டுட்டுப் போய்ட்டான்."

தமிழரசனின் தலையாட்டல் பாதியில் நின்றது.

"யாரு... கூட்டிக்கினு போவச் சொன்னது?"

"செல்விதான் சார்."

அவர் மெல்லத் திரும்பினார்.

"சின்னக்கண்ணு... ஹோஸ் ஒரசும்ங்கறது அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். டயர் வாங்கறதுக்கு முன்னாடியே பட்டறைக்கு வந்தாங்க. 'அகலமா போட்டா இன்னா ஆவும் தம்பி?'ன்னாங்க. சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டுகினாங்க."

கார் எமன் என்று தெரிந்த தாய். பெற்ற மகளை அதில் ஏற்றிவிட அடம் பிடித்திருக்கிறாள்!

ஒன்று, அவள் ராட்சசி.

அல்லது...

தமிழரசன் சின்னக்கண்ணுவை ஜீப்பில் ஏற்றச் சொன்னார்.

கள்ளக்குறிச்சி. பாண்டியனின் வீடு.

வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளறையில் செல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் இலக்கியா தூங்கிக்கொண்டிருந்தாள். பால்பல் விழுந்த வாய் லேசாகத் திறந்திருந்தது.

ஜன்னல் வழியே ஜீப் தெரிந்தது. அதில் விலங்கோடு சின்னக்கண்ணு.

செல்வி அவனையே பார்த்தாள்.

"அவனை எதுக்கு சார் புடிச்சீங்க?"

"கொலை கேஸ்மா. உங்க வூட்டுக்காரரோட அண்ணன் குடுத்த புகாரு. சொகமா ஆயுள் வரைக்கும் உள்ள இருப்பான்." தமிழரசன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது."

"அவன் பொண்டாட்டி மாசமா இருக்கு சார்."

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

விசிறி கடகடத்தது.

அவள் வாயைத் திறக்கவே வேண்டாம். அது அவளுக்கும் தெரிந்தது. பேசாமல் இருந்தால் நாளை அடக்கம், நாளன்றைக்கு விடுதலை. பேசினால்... மடியில் கிடக்கும் குழந்தை யாரிடம் வளரும்?

"அவனை வுட்டுடுங்க சார்," என்றாள். "நான்தான்."

தேவிப்ரியா கதவைச் சாத்தினாள்.

"நீங்க இன்னா பண்ணீங்க?" தமிழரசன் கேட்டார். "ஒல்லி டயர் போடச் சொன்னீங்க. நல்லதுதான?"

"நல்லதுதான் சார். அதான் சொன்னேன். அவரு கேக்க மாட்டாருன்னும் தெரியும்."

"எப்போலேந்து தெரியும்?"

அவள் குழந்தையின் கணுக்காலை வருடினாள். அங்கே, நாலு விரல் பதிந்ததுபோல் ஒரு பழைய கன்றல்.

"போன மாசம் சார். பாப்பா சாப்பிட மாட்டேன்னு அழுதா. தூக்கிக்கினு மொட்டை மாடிக்குப் போனாரு. காலைப் புடிச்சி சுவத்துக்கு வெளியில... தலகீழா..."

குழந்தையின் காலைப் புடவைத் தலைப்பால் மூடினாள்.

"'வுட்டுடாதீங்க, வுட்டுடாதீங்க'ன்னு கத்துனேன். நான் கத்தக் கத்த அவரு ஒரு விரலை எடுத்தாரு. அப்புறம் இன்னொரு விரல். சிரிச்சிகினே சார்! அப்பதான் புரிஞ்சிது. எதைச் சொல்லக் கூடாதோ அதைச் சொல்லிகினு இருக்கேன்னு."

"அப்புறம்?"

"'சரி, வுட்டுடுங்க'ன்னேன்."

தேவிப்ரியாவின் கை தன் வாயைப் பொத்திக்கொண்டது.

"பெத்த வாயால சொன்னேன் சார். ஒடனே மேல தூக்கிட்டாரு. 'நீ சொல்லி நான் வுடணுமா'ன்னு என்னை அறைஞ்சாரு." செல்வி நிமிர்ந்தாள். "அன்னிலேந்து அவருகிட்ட நான் எது பேசினாலும் யோசிச்சிதான் பேசுவேன்."

வெளியே யாரோ ஒப்பாரியைத் தொடங்கினார்கள்.

தமிழரசன் வெகுநேரம் தன் பூட்ஸைப் பார்த்தார். கண்ணாயிரம் சொன்னது ஒன்று, செல்வி சொன்னது ஒன்று; இரண்டு வாக்குமூலங்கள். இரண்டும் உண்மை. டயர் விஷயத்தில் அவள் பொய் சொல்லவில்லை. நல்ல யோசனை சொன்னதற்குத் தண்டனை தருகிற பிரிவு எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை!

"ராத்திரி தூக்கம் வருமாம்மா உங்களுக்கு?"

"பாப்பா தூங்குவா சார்."

அவர் எழுந்தார். வெளியே போய்ச் சின்னக்கண்ணுவின் விலங்கைக் கழற்றினார். கண்ணாயிரம் கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

"யாரைக் கேட்டு சார் வுடறீங்க?"

"உங்க தம்பிய கேட்டுத்தான்," தமிழரசன் அவர் முகத்துக்கு நேரே சொன்னார். "அகலமா போடுன்னு சொன்னது அவரு. நீங்களே சாட்சி. கையெழுத்துப் போட வாங்க!"

கண்ணாயிரம் பந்தலுக்குள் திரும்பிப் போனார்.

தேவிப்ரியா ஜீப்பில் ஏறும்போது தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இன்னான்னு சார் எழுதறது?"

"விபத்து. முன் டயர் அகலம் ஜாஸ்தி."

கொஞ்சம் இடைவெளி விட்டுச் சேர்த்தார்.

"ஓட்டுனவருக்குக் காது கம்மின்னும் எழுதணும். வேணாம். வுடு."

மறுபடியும் மலைச்சாலை. கிரேன் வைத்துக் காரைப் பள்ளத்திலிருந்து தூக்கி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

தமிழரசன்தான் ஜீப்பை ஓட்டினார். இறக்கம். அடுத்தடுத்து வளைவுகள். தேவிப்ரியா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

செல்போன் அலறியது. ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னாங்க... இன்னும் மலையிலதான் கீறீங்களா?" அமிர்தத்தின் குரல். "வெறால் மீன் கொழம்பு வெச்சிருக்கேன். ஆறிப்போவும். சும்மா பறந்து வாங்க!"

தமிழரசனின் கால், யாரும் சொல்லாமலே, ஆக்ஸிலரேட்டரிலிருந்து நகர்ந்து பிரேக்குக்குப் போனது.

பிரேக்கின் மேல் இருந்த தன் காலையே அவர் குனிந்து பார்த்தார்.

உறைந்தார்!

போன வாரம் திருக்கோவிலூர் பந்தோபஸ்துக்குப் போனபோதும், 'பறந்து வாங்க' என்றுதான் சொன்னாள். மழைக்காலத்தில் சங்கராபுரம் ரோட்டில்? 'நல்லா அடிச்சி ஓட்டுங்க.' கல்யாணமான புதிதில்? 'சிகரெட் புடிங்க, உங்களுக்கு எடுப்பா இருக்கு.' அன்றோடு விட்டார். 'எங்கம்மா வூட்டுக்கு நீங்க வரவே வாணாம்' என்றாள். ஒரு தீபாவளிகூடத் தவறாமல் போய் நிற்கிறார்...

ஜீப் சாலையோரமாக நின்றது.

"அமிர்தம்..."

"ம்?"

"நேராவே சொல்லு. நான் இன்னா பண்ணணும்?"

எதிர்முனையில் தாளிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் அடங்கியது.

"...இன்னாங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"சொல்லு அமிர்தம்."

கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு, அவர் இதுவரை கேட்டே இராத ஒரு சின்னக் குரல்.

"மெதுவா வாங்க."

"சரி."

போனை வைத்தார். இரண்டாவது கியரைப் போட்டார். ஜீப் நத்தையைப்போல வளைவில் இறங்கியது. பின்னால் வந்த வாழைத்தார் வண்டி ஹாரன் அடித்து, திட்டி, முந்திக்கொண்டு போனது.

தேவிப்ரியா ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"இன்னா சார், இவ்ளோ மெதுவா?"

தமிழரசன் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"முன் டயர் கொஞ்சம்... சரியில்லம்மா."

தேவிப்ரியா வெளியே தலையை நீட்டி, முன் சக்கரத்தை நிதானமாகப் பார்த்தாள். பிறகு சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"டயரெல்லாம் நல்லாதான் சார் இருக்கு. ஸ்டியரிங்தான் வூட்ல இருக்கு!"