ஆரிஃபின் விண்கலத்துக்கு மூன்று பாராசூட்

ஆலியாவின் அண்ணன் ஆரிஃப் இறந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. மழைக்காலத்தில் வந்த டெங்கு காய்ச்சல். தில்லை நகர் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தான். ஏழாம் நாள் அத்தாவும் அம்மாவும் அவன் இல்லாமல் வீடு திரும்பினார்கள்.

அதன்பிறகு அந்த உறையூர் வீட்டில் யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை. அத்தா சேக் மைதீனுக்கு வீட்டு முன்னறைதான் தையல் கடை. காலையில் மெஷினில் உட்கார்ந்தால், அம்மா மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் சாப்பிட எழுந்திருப்பார்.

ஆரிஃபின் கணக்கு நோட்டு மட்டும் ஆலியாவிடம் இருந்தது. முன்பாதியில் கணக்கு. பின்பாதி முழுக்க விண்கலம்.

டிக்கெட் வாங்கிய யாரும் விண்வெளிக்குப் போய்வரலாம் என்று தனியார் கம்பெனிகள் கலம் விடுவதைச் செய்தியில் பார்த்ததிலிருந்து அவனுக்கு அதே பேச்சுதான். "ஆரிஃப் விண்வெளிப் பயணக் கம்பெனி. உறையூரில் ஏறலாம். எல்லோருக்கும் ஜன்னல் சீட்!" என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தான். அதன் கீழே பொடி எழுத்தில், "வெள்ளிக்கிழமை பிரியாணி உண்டு."

படத்தில் முதல் சீட்டில் "கேப்டன் ஆரிஃப்" என்று இருந்தது.

ஜனவரியில் ஆலியாவின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது.

"பயணிகள் போற விண்கலத்தோட மாதிரி செய்யணும்," என்றார் பெலிண்டா மிஸ். "உள்ள பயணிக்குப் பதிலா ஒரு முட்டை. முட்டைக்கு ஒரு பேரும் வைக்கணும். ரெண்டாவது மாடியிலேருந்து போடுவோம். கலம் பார்க்க அழகா இருந்தா போதாது. பயணி பத்திரமா இறங்கணும்."

ஆலியா அண்ணன் வரைந்ததை அப்படியே செய்தாள். ஐஸ்கிரீம் டப்பா, உள்ளே பஞ்சு மெத்தை, பழைய குடைத் துணியில் ஒரு பெரிய பாராசூட். தோழி யாழினி கூட இருந்து உதவினாள்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியிலிருந்து போட்டுப் பார்த்தார்கள். பாராசூட்டின் நூல்கள் முறுக்கிக்கொண்டன. துணி விரியவே இல்லை. டப்பா 'தொப்'பென்று விழுந்தது. மறுபடி போட்டபோதும் அதேதான்.

"ரெண்டு பயணியும் ஆம்லெட்," என்றாள் யாழினி. பிறகு யோசித்தாள். "ஆலியா, நிஜக் கலத்துல ஒண்ணுக்கு மேல பாராசூட் இருக்கும்னு மிஸ் சொன்னாங்கல்ல? ஒண்ணு விரியலைன்னாலும் மத்தது தாங்கும். நாமளும் மூணு வெப்போம்."

"அண்ணன் ஒண்ணுதான் வரைஞ்சிருக்கான்."

"அவங்க தப்பா..."

"எங்க அண்ணன் தப்பா வரைய மாட்டான்!"

யாழினி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆலியா இன்னொரு முட்டையை எடுத்தாள். ஸ்கெட்ச் பேனாவால் அதில் "கேப்டன் ஆரிஃப்" என்று எழுதினாள். டப்பாவில் பத்திரமாக வைத்து மூடி, கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டினாள்.

விரல்கள் பிரியவில்லை.

கீழே பார்த்தாள். சிமெண்டுத் தரையில் மஞ்சள் கரு காய்ந்துகொண்டிருந்தது. கையை உள்ளே இழுத்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள். அப்புறம் நோட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

"அத்தா, ஆரிஃப் அண்ணன் வரைஞ்ச கலத்துல ஒரு பாராசூட்தான் இருக்கு. அது பத்தாது. மூணு வேணும்."

தையல் மெஷின் நின்றது. அத்தா நோட்டை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"இதெல்லாம் எப்பம்மா வரைஞ்சான்?"

"பரீட்சை லீவுல."

"எங்கிட்ட காட்டவே இல்லையே."

"கணக்கு நோட்டுல வரைஞ்சதுக்கு நீங்க திட்டுவீங்கன்னு."

"திட்டித்தான் இருப்பேன்," என்றார் அத்தா. சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. தைத்துக்கொண்டிருந்த சட்டையின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணன் வரைஞ்சதை மாத்தினா அவனுக்குக் கோவம் வருமா அத்தா?"

"உள்ள யாரு உட்காரப்போறா?"

ஆலியா டப்பாவைத் திறந்து காட்டினாள். முட்டையில் இருந்த பெயரை அத்தா படித்தார். அம்மா ரோஷன் பேகம் அடுப்படியிலிருந்து வந்து பக்கத்தில் நின்றார்.

அத்தா கத்தரிக்கோலை எடுத்தார். "மூணாவே வெச்சிடுவோம்மா."

மறுநாள் காலை ஆலியா யாழினியின் வீட்டுக்கே போனாள். "நீ சொன்னதுதான் சரி. சாரி."

"வலது பக்க நூல்தான் முறுக்குது. அதைக் கொஞ்சம் குட்டையாக்கணும்," என்றாள் யாழினி. அவ்வளவுதான், சண்டை முடிந்தது.

கண்காட்சிக்கு அத்தாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். இரண்டாவது மாடியிலிருந்து கலங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. விளக்கு எரிந்த கலம், வெள்ளித்தாள் ஒட்டிய கலம். நிறைய முட்டைகள் உடைந்தன.

ஆலியாவின் கலம் வந்தது. ஒரு பாராசூட் சுருண்டுகொண்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மற்ற இரண்டும் பூப்போல விரிந்தன. கலம் அசைந்து அசைந்து இறங்கி மண்ணில் உட்கார்ந்தது.

பெலிண்டா மிஸ் டப்பாவைத் திறந்தார். முட்டையில் ஒரு கீறல்கூட இல்லை.

"யாரோட டிசைன் இது?" என்று நடுவர் கேட்டார்.

"எங்க அண்ணன் ஆரிஃபோடது சார். அவன் இப்ப இல்ல," என்றாள் ஆலியா. "ஒரு பாராசூட் பத்தாதுன்னு கண்டுபிடிச்சது யாழினி. அத்தா தைச்சாங்க."

மூன்றாம் பரிசு கிடைத்தது.

வெளியே வந்ததும் அத்தா எதிர்க் கடையில் நின்றார். "நாலு ரோஸ்மில்க் குடுங்க," என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். கடைக்காரர் நான்கு கிளாஸ்களை வரிசையாக வைத்தார். நான்காவதை யாரும் தொடவில்லை.

ஆலியா சுற்றிலும் பார்த்தாள். பஸ் ஸ்டாப்பில் யாழினி தனியாக நின்றிருந்தாள். ஆலியா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"எனக்கா?" என்றாள் யாழினி.

"உனக்குத்தாம்மா. குடி," என்றார் அத்தா.

யாழினி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ரோஜா நிற மீசையோடு நிமிர்ந்தாள். அம்மா அவளைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணீரும் வந்தது. அவர் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை.