மீன்கொத்தி ஒட்டிக்கொண்டது

புத்தகம் திறக்கவில்லை.

அட்டை திறந்தது. அட்டைக்கு அடுத்து நான் புதிதாகச் சேர்த்த நீலத்தாள்தான் புரளவில்லை. முதல் பக்கத்தோடு அப்படியே ஒட்டிப்போயிருந்தது.

எதை மறந்தேன் என்று உடனே தெரிந்துவிட்டது. பசை தடவியதும் இரண்டு தாளுக்கும் நடுவே மெழுகுத்தாள் வைக்க வேண்டும். அப்போதுதான் பிதுங்கி வரும் பசை அடுத்த பக்கத்தில் ஒட்டாது. மாலை வகுப்பில் புத்தகம் கட்டச் சொல்லித்தரும் பைண்டிங் அக்கா ஒவ்வொரு முறையும் சொல்வார். நானும் தலையாட்டுவேன். இப்போது மெழுகுத்தாள் மேசை மேல் மடிப்புக் கலையாமல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

ஏதோ ஒரு பக்கம் என்றால்கூடப் பரவாயில்லை. அது மீன்கொத்திப் படம்.

புத்தகம் என் வகுப்புத் தோழன் கொட்டாவியுடையது. கணக்குப் பாடம் தொடங்கியதும் வாயைத் திறந்துவிடுவான் என்பதால் அந்தப் பெயர். அவனுடைய குட்டித் தங்கை அந்த மீன்கொத்திக்கு டாட்டா சொல்லாமல் தூங்க மாட்டாள். அவள் புரட்டிப் புரட்டித்தான் அட்டையே கழன்றது. “நான் சரிபண்ணித் தரேன்” என்று வாங்கி வந்தவள் நான். சாயங்காலம் அவன் வந்துவிடுவான்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?” என்றபடி அண்ணன் வந்தான்.

“ஒட்டிக்கிச்சு.”

“இவ்வளவுதானா? கொடு. பிளாஸ்திரி மாதிரி ஒரே இழுப்பு. படக்குன்னு வந்துடும்.”

“வரும். மீன்கொத்தியும் கூடவே வரும்.”

“அப்ப தண்ணில ஊறப்போடு.”

“இது என்ன, உன் சாக்ஸா?”

ஆனால் அவன் சொன்னதில் பாதி சரி. மைதாப் பசை ஈரம் பட்டால் இளகும். படம் என்ன ஆகும்? எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. எனக்கு எதுதான் நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது? அதனால் முதலில் சோதித்துப் பார்த்தேன்.

மீன்கொத்தியின் வால் நுனி மட்டும் ஒட்டாமல் வெளியே தெரிந்தது. பஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, அதில் தொட்டு எடுத்தேன்.

பஞ்சில் நீலம் ஒட்டியிருந்தது.

படத்தை நனைக்கவும் கூடாது, தேய்க்கவும் கூடாது.

“அப்ப ஒண்ணுமே பண்ண முடியாதா?” அண்ணன் இப்போது சிரிக்கவில்லை.

நான் ஒட்டிக்கிடந்த இரண்டு தாளையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்று பழசு. அது போனால் வேறு கிடைக்காது. இன்னொன்று என்னுடையது. தண்ணீர்மேல் சாயத்தை மிதக்கவிட்டு, அதில் தாளைப் படியவைத்து எடுத்தது. அலை அலையாக வந்திருந்தது. பைண்டிங் அக்கா அதைத் தூக்கிப் பிடித்து, “இது யாரோடது?” என்று வகுப்பில் கேட்டார். என் வேலையைப் பார்த்து அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“என் தாளை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா உரிச்சு எடுத்துட்டா?” என்றேன்.

“அந்த நீலத்தாளையா? அதை எங்களைத் தொடக்கூட விடலையே நீ!”

“ஆமா.”

“கிழிஞ்சு நாராப் போயிடும்டி.”

“போகட்டும். மீன்கொத்தி தப்பிச்சா போதும்.”

முதலில் சாயம் இருந்த மேல்தோலை ஈரமே இல்லாமல் உரித்தேன். இல்லையென்றால் அந்தச் சாயமும் கீழே இறங்கலாம். அலைகள் வெங்காயத்தோல்போலத் துண்டு துண்டாக வந்தன. அவற்றைப் பார்க்காமல் ஓரமாகத் தள்ளிவைத்தேன். அடியில் மெல்லிய வெள்ளைத்தோல் மட்டும் மிச்சம் இருந்தது.

அதன்மேல், பசை வரை மட்டும் ஈரம் இறங்கும்படி, நன்றாகப் பிழிந்த துணியை ஒரு மூலையில் வைத்தேன். எடுத்தேன். மழுங்கிய கத்தியை மெல்ல நுழைத்தேன். வால் வந்தது. இறக்கை வந்தது. கழுத்தருகே லேசாக இழுத்தது. நிறுத்திவிட்டு மறுபடியும் துணியை வைத்தேன்.

“வந்துடுச்சா?” புத்தகத்தைப் பிடித்திருந்த அண்ணன் கேட்டான்.

“பேசாத.”

“பேசலையே. கேட்டேன்.”

கண் வந்தது. கடைசியில், நீண்ட மூக்கும் முழுசாக வந்தது.

“வந்துட்டான்டி!” என்று அண்ணன் கத்தினான். நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

பக்கம் நன்றாகக் காய்ந்த பிறகு, நீலத்தாள் இருந்த இடத்தில் சாதாரண வெள்ளைத்தாளை ஒட்டினேன். இந்தத் தடவை மெழுகுத்தாளை அண்ணனே எடுத்துக் கொடுத்தான். “ஒண்ணு போதுமா, எதுக்கும் ரெண்டு வைக்கவா?”

சாயங்காலம் கொட்டாவி வந்தான். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவன் முதல் பக்கத்தைத் திறந்து, மூக்கு உரச உரசப் பார்த்தான்.

“வால் நுனி கொஞ்சம் வெளுத்திருக்கு. அது நான் பண்ணினதுதான்” என்றேன்.

“வாலா?” அவன் நிமிர்ந்தான். “வாலை யாரு பார்த்தா? அவ டாட்டா சொல்றது மூக்குக்கு!”

அண்ணன்தான் முதலில் சிரித்தான். நான் காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த பெருமூச்சை விட்டுவிட்டு, அதற்கப்புறம் சிரித்தேன்.