மூன்றாம் முறை கேட்காத காற்று

செவ்வாயில் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் காற்றுதான் கொடுப்பார்கள். வீட்டுக் காற்று வீட்டாரின் தலைக்கு இவ்வளவு என்று அளந்து விடப்படுவதால், விருந்தாளி தலைக்கவசத்தைக் கழற்றுவதில்லை. சுவர்க் குழாயை இழுத்து அவருடைய முதுகுக் குடுவையில் மாட்டிவிடுவார்கள்.

மாசிலாமணி சம்பந்தி வீட்டுக்குள் நுழைந்தபோது குடுவையில் பத்து நிமிடக் காற்று இருந்தது.

குழாயை மாட்ட இரு தரப்பு ‘உள்ளாட்களும்’ ஒப்ப வேண்டும். உள்ளாள் என்பது காதுக்குப் பின்னால் பதிந்திருந்து, நமக்காக முடிவெடுக்கும் மென்பொருள். பழைய உள்ளாட்கள் வெறும் சொல்லைத்தான் கேட்டன. ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான் என்று நம்பின. விருந்துக்குப் போனவர்களில் பாதிப் பேர் பட்டினியோடு திரும்பினார்கள். புதியவை சூழலையும் பார்த்தன: யார் வீடு, எதிரே யார், கேட்பது எத்தனையாவது முறை?

பெண்ணைக் கொடுத்த வீட்டில் மாசிலாமணி எதையும் மூன்றாம் முறைதான் வாங்குவார். அவருடைய உள்ளாளுக்கு அது அத்துப்படி. சம்பந்தியம்மா கோமளவல்லியின் உள்ளாளுக்கும் ஒன்று தெரியும்: பெண் வீட்டாரை அவர் இரண்டு முறைக்கு மேல் உபசரிப்பதில்லை.

கண்ணிமைப்பதற்குள் பேச்சுவார்த்தை முடிந்தது. காற்று? வேண்டாம். கொஞ்சமாவது? இருக்கட்டும். அவ்வளவுதான். இரண்டு மென்பொருளும் தத்தம் எஜமானரைத் துல்லியமாகக் கணித்துவிட்டன.

“வாங்க சம்பந்தி. வெளியில புழுதி ஜாஸ்தியோ?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, சும்மா காலாற நடந்து வந்தேன்.”

குடுவையில் இன்னும் நான்கு நிமிடம்.

மகள் பூங்கோதை மாமியாரையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தாள். “அப்பா, உங்க குடுவையில சிவப்பு எரியுதே!”

“அது புது மாடல்மா. எரிஞ்சிக்கிட்டேதான் இருக்கும்.”

“நல்லா எரியுது,” என்றார் கோமளவல்லி. “எங்களுது பழசு. அவ்வளவு பளிச்சுனு எரியாது.”

இரண்டு நிமிடம். உள்ளாள் காதுக்குள் கெஞ்சியது: “ஐயா, உயிருக்கு ஆபத்து. மறுப்பை விலக்கிக்கொள்ளட்டுமா?”

“சும்மா இரு,” என்று மாசிலாமணி பல்லைக் கடித்தார். “இன்னொரு தடவை அவங்களே கேக்கட்டும்.”

கோமளவல்லி கேட்கவில்லை. புழுதியைப் பற்றித்தான் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசப்பேச மாசிலாமணி நாற்காலியோடு சரிந்தார்.

மயங்கியவரிடம் சம்மதம் கேட்கத் தேவையில்லை என்பது குடியேற்றச் சட்டம். பூங்கோதை பாய்ந்து வந்து குழாயை மாட்டினாள்.

“கேட்டா குடுக்கமாட்டோமா? என்ன மனுஷனோ!” என்று கோமளவல்லி தலையிலடித்துக்கொண்டார்.

மூன்று நிமிடம் கழித்து மாசிலாமணி கண் திறந்தார். முதுகில் குழாய் சீறிக்கொண்டிருந்தது. குடுவை இன்னும் கால்வாசிகூட நிரம்பவில்லை. அவர் பதறி எழுந்து, குழாயைக் கையால் தடுத்தார்.

“ஐயையோ, எதுக்குங்க இந்தச் சிரமமெல்லாம்? போதும், போதும்! நான் வீட்டுலயே நிரப்பிக்கிட்டுத்தான் வந்தேன்.”

காதுக்குப் பின்னால் உள்ளாள் குறித்துக்கொண்டது: கணிப்பில் பிழையில்லை.