பாற்கடலில் ஒரு பச்சைத் துண்டு

"ஆன் பண்ணுங்க!"

மேனேஜர் பிரதாப் கையை உயர்த்தினான்.

மந்தர மலைக்குள் மோட்டார் உறுமியது.

மலை என்றால் சிமென்ட் மலை. சூளகிரிக்கு வெளியே, தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே, நெடுஞ்சாலையைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற 'பாற்கடல்' வாட்டர் பார்க்கின் பெருமையே அந்த மலைதான். அதைச் சுற்றி வாசுகிப் பாம்பு. வாலில் ஏறினால் வாய் வழியாகச் சறுக்கி வந்து விழலாம். ஒரு பக்கம் பாம்பைப் பிடித்து இழுக்கத் தேவர்கள், மறுபக்கம் அசுரர்கள். அத்தனை பேரும் ஃபைபர். மலைக்குப் பின்னால் ஒரு பெரிய தொட்டி, அதில் அலை எந்திரம்.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. இன்று வெள்ளிக்கிழமை காலை. கங்கா பூஜை சற்று முன்புதான் முடிந்திருந்தது. அடுத்தது சோதனை ஓட்டம்.

மலையடிவாரத்திலிருந்து தண்ணீர் பொங்கியது. வேலையாட்கள் விசிலடித்தார்கள்.

முதல் அலை வந்தது...

வெறும் கையோடு வரவில்லை!

வெள்ளை வேட்டி. வெள்ளைச் சட்டை. கழுத்தில் இறுக்கி முடிச்சுப் போட்ட ஒரு பச்சைத் துண்டு. கவிழ்ந்து கிடந்த அந்த உடம்பை அலை உருட்டிக்கொண்டு வந்து பிரதாப்பின் காலடியில் போட்டது. இரண்டாவது அலை அதன் முகத்தை மேலே திருப்பியது.

"வீல்ல்ல்..!"

கூட்டிப் பெருக்க வந்த பெண் அலறினாள்.

"எம்.டி. சாரு! ஐயோ... நம்ம நல்லுசாமி சாரு!"

மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்றாவது அலையும் வந்தது.

*

இன்ஸ்பெக்டர் ஃபெபாவுக்கு வாட்டர் பார்க் என்றாலே எரிச்சல். நாகர்கோவில் பக்கத்துக்காரி. கடலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, காசு கொடுத்து அலையில் நனைவது கிறுக்குத்தனமாகப் பட்டது.

ஹெட் கான்ஸ்டபிள் மூர்த்தி அப்படியில்லை. ஆசை ஆசையாகக் காத்திருந்தவர்.

"ஞாயித்துக்கெழமைக்கு குடும்பத்தோட பாஸ் வாங்கி வச்சிருந்தன் மேடம். எல்லாம் போச்சி!"

"பொணம் மிதந்த தண்ணியில குளிக்கப் போறீங்களாக்கும்?"

"தண்ணிய மாத்திட மாட்டாங்களா மேடம்?"

"எங்க இருந்து மாத்துவாங்க? அதைக் கேட்டுத்தானே ஊரே கேட்டுக்கு வெளிய நின்னு கத்துது!"

கத்தத்தான் செய்தது. பார்க்குக்காக ஆழ்துளைக் கிணறு போட்ட நாளிலிருந்து சுற்றியுள்ள தோட்டத்துக் கிணறுகள் வற்றிவிட்டன என்பது ஊராரின் கோபம். எம்.டி. செத்தார் என்று தெரிந்தும் ஒரு கண்ணில்கூட ஈரமில்லை.

உள்ளே ஒருவர் மட்டும் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்.

"அண்ணா... என்னை வுட்டுட்டுப் போய்ட்டியே அண்ணா!"

ராஜப்பன். நல்லுசாமியின் சித்தப்பா மகன். பார்க்கில் பங்குதாரர்.

"கடைசியா எப்ப பார்த்தீங்க?" ஃபெபா கேட்டாள்.

"நேத்து சாயங்காலம் மேடம். பெங்களூரு போறன், காலைல பூஜைக்கி வந்துடறன்னு சொன்னாரு. நான் ஊட்டுக்குப் போய்ட்டன். அந்தத் துண்டப் பாருங்க மேடம்! திம்மப்பன் துண்டு! நேத்து கேட்டாண்ட வந்து, 'உன்னை அந்தத் தண்ணியிலயே முக்கிக் கொல்லாம வுடமாட்டன்'னு எங்க அண்ணனப் பாத்துக் கத்தினான். எல்லாரும் கேட்டாங்க!"

"யார் அது திம்மப்பன்?"

"பக்கத்துத் தோட்டத்துக்காரன். அதோ... கேட்டுக்கு வெளிய மொதல் ஆளா நிக்கிறான் பாருங்க!"

*

டிக்கெட் கவுன்ட்டருக்குள் விசாரணை.

"கொன்னியா?" மூர்த்தி மேஜையைத் தட்டினார்.

"இல்லீங்க." திம்மப்பன் நிமிர்ந்து பார்த்தான். "ஆனா அந்தாளு செத்தது எனக்கு சந்தோசம்."

"யோவ்! மேடம் முன்னாடி பாத்துப் பேசு!"

"என்னாத்தப் பாத்துப் பேசறது? எம் போர் கெணத்துல இப்ப காத்துதான் சார் வருது. தக்காளி அத்தனையும் செடியிலயே காஞ்சி போச்சி. பெங்களூருக்காரன் ஜட்டியோட குதிச்சி வெளையாட எங்க தண்ணி கேக்குதா? சந்தோசப்படாம ஒப்பாரியா வெக்கச் சொல்றீங்க?"

ஃபெபா அந்தப் பச்சைத் துண்டைக் காட்டினாள்.

"இது உன்னோடதா?"

"என்னோடதுதான். விவசாய சங்கத்துத் துண்டு. ஓரத்துல பீடி சுட்ட ஓட்டை இருக்கும் பாருங்க."

இருந்தது.

"சரிதான்! நீயே ஒத்துக்கிட்டியா?" மூர்த்தி துள்ளினார்.

"துண்டு என்னோடதுன்னுதான் சார் ஒத்துக்கினன். நேத்து கேட்டாண்ட தள்ளுமுள்ளு. செக்யூரிட்டி துண்டப் புடிச்சி இழுத்தான். துண்டு உள்ள போச்சி, நான் வெளிய வந்து வுழுந்தன். கேட்டச் சாத்திட்டாங்க. எவ்ளோ கேட்டும் குடுக்கல."

"கதை நல்லாத்தான் இருக்கு. நட, ஜீப்புல ஏறு!"

கதவருகே அவன் மனைவி நஞ்சம்மா பாய்ந்து வந்து ஃபெபாவின் வழியை மறித்தாள்.

"அம்மா! இந்த மனுசனா கொலை பண்ணாரு? கோழி அறுக்கறதுக்கே என்னியக் கூப்புட்டு உட்டுட்டுக் கண்ண மூடிக்குவாரும்மா! வாய்தான் நீளம்!"

"தள்ளிப் போம்மா" என்றார் மூர்த்தி.

"இவரு உள்ள போய்ட்டா என்னாத்துக்கு ஆவறது? நெலத்த இவங்களுக்கே எழுதிக் குடுத்துட்டு, பொண்ணக் கூட்டிக்கினு மத்திகிரியில வாடகை ஊட்டுக்குப் போவேண்டியதுதான். இவங்க ஆசப்பட்டதும் அதானே!"

ஃபெபாவின் செல்போன் அலறியது. டி.எஸ்.பி.!

"என்னம்மா, ஆள் சிக்கிட்டானாமே? துண்டு இருக்கு, மிரட்டல் இருக்கு... இன்னும் என்ன யோசனை? சாயங்காலம் ரிமாண்ட் பண்ணிடு!"

"சார், ஒரு சந்தேகம்..."

"சந்தேகத்தை அப்புறமா படு!"

லைன் துண்டிக்கப்பட்டது. திம்மப்பன் அவளையே முறைத்துக்கொண்டிருந்தான். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் ஒருவேளை அவளுக்கு அவன் மேல் சந்தேகம் வந்திருக்கும்.

"மூர்த்தி, துண்டு கேட்டுக்கு உள்ள இருந்திருக்கு. இவன் வெளிய இருந்திருக்கான். உள்ள இருந்த ஆளுங்களைப் பார்ப்போம். அந்த மேனேஜரைக் கூப்பிடுங்க."

*

பிரதாப் பெங்களூர்க்காரன். ஜீன்ஸ், டி-ஷர்ட். ஆனால் நெற்றி நிறையக் குங்குமம். கையில் புத்தம்புது மஞ்சள் கயிறு.

"உனக்கும் எம்.டி.க்கும் ஆகாதாமே?" ஃபெபா நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ஆகாதுதான் மேடம். ரெண்டு வாரமா மனுஷன் சரியில்ல. 'திறப்பு விழா வேணுமா பிரதாப், தள்ளிப் போடலாமா'ன்னு தினமும் ஒரே பாட்டு. பெங்களூர் பூரா விளம்பரம் குடுத்தாச்சு, ஸ்கூல்ஸ் எல்லாம் புக் பண்ணியாச்சு. கோபம் வராதா? ஆனா கொலை எல்லாம் எனக்கு வராது. நேத்து ஸ்டாஃப் வேன்லயே ஓசூர் போயிட்டேன். வேன்ல இருந்தவங்களைக் கேளுங்க."

"திம்மப்பன் துண்டு?"

"செக்யூரிட்டி கேபின் நாற்காலியில கிடந்தது. நான் கிளம்பறப்போகூடப் பார்த்தேன்."

"நெத்தியில குங்குமம், கையில கயிறு... ரொம்ப பக்தியோ?"

பிரதாப் வெடித்தான்.

"அதை ஏன் மேடம் கேக்கறீங்க! எனக்குப் பூஜைன்னாலே ஆகாது. எம்.டி. வரல. பூஜையில உக்காரச் சொல்லி ராஜப்பன் சாரை ஐயர் கூப்பிட்டார். அவர்தானே பார்ட்னர்? 'நான் வேணாம், பிரதாப் உக்காரட்டும்'னுட்டார். இந்த ஜீன்ஸைப் போட்டுக்கிட்டு முட்டியை மடக்கவே முடியல. பூசணிக்காயை உடைக்கச் சொன்னாங்க... கால்ல போட்டுக்கிட்டேன்!"

மூர்த்தி வாயைப் பொத்திச் சிரித்தார்.

ஃபெபா சிரிக்கவில்லை.

"ராஜப்பன் அப்ப எங்க நின்னார்?"

"தூரமா... அசுரர்கள் வரிசையில கடைசி சிலை பக்கத்துல. ஆரத்தித் தட்டை அங்கயே கொண்டுபோய் நீட்டினாங்க. தொடவே இல்ல. பிரசாதம் குடுத்தேன், அதையும் வாங்கல. எப்பவும் சாமி சாமின்னு உருகற ஆளு!"

ஃபெபா மெல்ல எழுந்தாள்.

அவள் முகத்தைப் பார்த்த மூர்த்தியின் சிரிப்பு அப்படியே அடங்கியது.

*

ராஜப்பன் இன்னும் அழுதுகொண்டிருந்தார். சுற்றிலும் ஆள் இருக்கும்போது கொஞ்சம் அதிகமாக, இல்லாதபோது கொஞ்சம் குறைவாக.

"ராஜப்பன், ஒரே ஒரு கேள்வி. காலையில பூஜையில ஏன் உக்காரல?"

அழுகை டக்கென்று நின்றது.

"அது... அது வந்து மேடம்... நேத்து ராத்திரி கறி சாப்புட்டுட்டன். அதான், கவிச்சியோட சாமிகிட்ட எப்படி..."

"ஓஹோ. மட்டனா, சிக்கனா?"

"ம... மட்டன்."

"கையைக் காட்டுங்க."

"எதுக்கு மேடம்?"

ஃபெபா காத்திருக்கவில்லை. அவருடைய முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டனைத் தானே கழற்றி மேலே தள்ளினாள்.

மஞ்சள் கிழங்கு முடிந்த காப்பு!

"ஊர் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருக்கீங்க. விரதம். முட்டை இருந்த பாத்திரத்தைக்கூடத் தொடக் கூடாத ஆளு, நேத்து ராத்திரி மட்டன் சாப்பிட்டாராம்!"

ராஜப்பன் சட்டைக் கையை அவசரமாகக் கீழே இழுத்துவிட்டார்.

"நான் சர்ச்சுக்குப் போறவதான். ஆனா எங்க தெருவுல பாதிக்கு மேல இந்து வீடுங்க. பங்காளி வீட்டுல சாவு விழுந்துட்டா, தீட்டு கழியற வரைக்கும் சாமி காரியத்துல யாரும் கை வைக்க மாட்டாங்க. சின்ன வயசுலேர்ந்து பார்த்திருக்கேன். நீங்க பூஜையில உக்காரல, தட்டைத் தொடல, பிரசாதம் வாங்கல. ரொம்ப சரி. உங்க வழக்கப்படி அப்படித்தான் இருக்கணும்..."

ஃபெபா ஓரடி முன்னால் வந்தாள்.

"ஆனா பூஜை நடந்தப்போ உங்க அண்ணன் செத்த விஷயம் யாருக்குமே தெரியாதே! எல்லாருக்கும் அவர் பெங்களூர்ல உயிரோட இருந்தார். உங்களுக்கு மட்டும் தீட்டு எங்க இருந்து வந்துச்சு ராஜப்பன்?"



ராஜப்பன் அப்படியே மண்டியிட்டு விழுந்தார். இந்தமுறை வந்தது நிஜமான அழுகை.

"அம்மன் குத்தம் ஆயிடும் மேடம்... தீட்டோட தட்டத் தொட்டா எங்கூட்டுக் கொழந்தைங்களுக்கு ஆவாது... அதான் தள்ளி நின்னன்..."

"அண்ணன் கழுத்தை நெரிச்சது குத்தம் இல்ல. ஆரத்தித் தட்டைத் தொட்டாத்தான் குத்தம். அப்படித்தானே?"

"பின்ன என்னா மேடம் பண்ணச் சொல்றீங்க!" ராஜப்பன் சீறினார். "எங்கப்பன் வுட்டுட்டுப் போன நெலம் பூரா இதுலதான் கெடக்குது. ஊர்க்காரன் அத்தனை பேரு வாயிலயும் வுழுந்து கட்டினோம். நேத்து எல்லாரும் போனப்பறம் மலைக்கிப் பின்னாடி கூட்டிக்கினு போயி சொல்றாரு... போரை மூடப் போறாராம்! ஞாயித்துக்கெழமை ஊரக் கூட்டி மன்னிப்புக் கேக்கப் போறாராம்! மழை வந்து ஏரி ரொம்பினப்பறம் பார்க்கத் தொறக்கலாமாம்! இந்த ஊர்ல ஏரி ரொம்பி எத்தினி வருசம் ஆச்சி தெரியுமா?"

"அதனால துண்டை எடுத்துட்டு வந்து நெரிச்சு, தொட்டியில தள்ளினே."

"துண்டு கேபின்ல கெடந்துச்சி. செக்யூரிட்டி சாப்புடப் போயிருந்தான். எம்மேல தப்பு இல்ல மேடம், அவரு திடீர்னு மகாத்மா ஆயிட்டா நான் என்னா ஆவறது?"

"மூர்த்தி! இந்த விரதக்காரரை ஜீப்புல ஏத்துங்க."

*

கேட் திறந்தது.

திம்மப்பன் வெளியே வந்தான். நஞ்சம்மா ஓடி வந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள், பிறகு அவன் முதுகில் இரண்டு போட்டாள்.

ஃபெபா நடந்ததைச் சொன்னாள். போரை மூட நினைத்ததையும் சேர்த்து.

திம்மப்பனின் முகத்திலிருந்த வீறாப்பு வடிந்தது.

"மூடறன்னு சொன்னாரா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே மேடம்! நேத்து நேருக்கு நேரா நின்னாரே... அப்பச் சொல்லியிருந்தா..."

"நேத்து அவரை நீ பேச விட்டியா?"

திம்மப்பன் கேட் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஊரில் தங்களுக்காக யோசித்த ஒரே பணக்காரனைத்தான் நேற்று வாய்க்கு வந்தபடி சபித்தோம் என்பது அவன் நெஞ்சை அறுத்தது. வெளியே கத்திக்கொண்டிருந்த கூட்டமும் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டது.

மூர்த்திக்கு அந்த அமைதி தாங்கவில்லை. திம்மப்பனின் தோளைத் தட்டினார்.

"எழுந்திருய்யா. எப்படியோ நீ நெனச்சது நடந்துடுச்சி. பார்க்குக்கு சீல் வைக்கப் போறோம். ஒருத்தன் பொணமாயிட்டான், இன்னொருத்தன் ஜெயிலுக்குப் போறான். இனிமே இது தொறக்காது. ஊட்டுக்குப் போயி நிம்மதியா தூங்கு!"

திம்மப்பன் திடுக்கிட்டு எழுந்தான்.

"ஞாயித்துக்கெழமை தொறக்கலியா? அய்யய்யோ!"

"என்னய்யா அய்யய்யோ? நீதானே தொறக்கக் கூடாதுன்னு குதிச்சே?"

"நான் குதிச்சன் சார்! எம்பொண்ணு சுப்ரியா அந்தப் பாம்பு வாயில சறுக்கணும்னு புதுத் துணி எடுத்து வச்சிக்கினு ஒக்காந்திருக்கறா. தொறக்கலன்னு தெரிஞ்சா என்னியக் கொன்னே போட்டுடுவா..." அவன் ஃபெபாவின் பக்கம் திரும்பினான். "மேடம், அந்தக் கேசையும் நீங்களே பாக்கறீங்களா?"