உடைந்த திரையின் பக்கம்

அக்கா வீட்டுப் படியேறும்போதே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் லேப்டாப்போடு இந்தப் படியில்தான் அக்கா உருண்டு விழுந்து செத்தாளாம். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஏறி இறங்குவாளே அவள்! ஊர் நம்பலாம். தங்கை காதில் பூ சுற்ற முடியுமா?

மேல் அறையில், தூக்கி வந்த மானிட்டரை மேஜைமேல் அக்காவின் லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“எதுக்கும்மா இதெல்லாம்? ஸ்கிரீனே நொறுங்கிப்போச்சு. தூக்கிப் போட்டுடலாம்” என்றான் அக்கா புருஷன், கதவருகே நின்றபடி.

“உள்ள அக்கா போட்டோ இருக்கு மாமா. பிள்ளைக்கு அம்மா முகம் வேணாமா?”

வாயில்தான் மாமா. மனசுக்குள் அவன், இவன்தான். காரியம் முடிந்த கையோடு சுவரிலிருந்த அக்கா படங்களைக் கழற்றி எறிந்தவனுக்கு வேறென்ன மரியாதை?

பழைய லேப்டாப். கேபிளின் நீல முனையைச் செருகி, இருபுறத் திருகையும் முடுக்கினாள். மானிட்டரில் வெளிச்சம் வந்தது. ஆனால் எதுவுமில்லாத வெறும் நீலம்.

அவளுக்குப் புரிந்தது. இரண்டு பேரும் சேர்ந்துதான் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்தார்கள். இரண்டு திரையும் ஒரே நீள மேஜை மாதிரி. அக்கா லேப்டாப்பில் பக்கத்தைக் கட்டி முடித்ததும், மவுசால் இழுத்துத் தங்கையின் மானிட்டருக்குத் தள்ளுவாள். பிழை பார் என்பதற்கு மேஜையில் இரண்டு தட்டு. அந்த ஏற்பாட்டை யாரும் மாற்றவில்லை. படங்களெல்லாம் உடைந்த பக்கத்தில் கிடக்கின்றன.

மவுஸ் அம்பை அந்தப் பக்கம் நகர்த்தினாள். விளிம்பைத் தாண்டி மறைந்தது. மவுசிலிருந்து கையை எடுத்தாள்.

அம்பு தானாகத் திரும்பி வந்தது.

மேஜையில் இரண்டு தட்டு.

அக்கா பூசும் பவுடர் வாசனை. அதற்கடியில் ரத்தக் கவிச்சி.

உடைந்த பக்கத்திலிருந்து ஒரு படம் மெல்ல ஊர்ந்து மானிட்டருக்குள் வந்தது. லேப்டாப் கேமரா காட்டும் இதே அறை. முன்னால் அவள். பின்னால், எட்டிப் பார்க்கும் அவன்.

அவன் தோளுக்குப் பின்னால் அக்கா.

காதோரம் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவனையே பார்த்தபடி நின்றாள்.

“நீ... நீ திரும்பிப் பார்க்கவே இல்லையேடி” என்று அவன் மானிட்டரில் தெரிந்த அக்காவைப் பார்த்து முனகினான். “நான்தான்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

தங்கைக்குப் பயம் போன இடம் தெரியவில்லை.

“பின்னாலேருந்தாடா அடிச்சே? வேலை செஞ்சுக்கிட்டிருந்தவளையா?”

“மெதுவா... பக்கத்து வீட்டுல கேக்கும்...”

“ஊரே கேக்கட்டும்டா, படுபாவி!”

அவன் ஓடினான். மானிட்டரில் கதவருகே யாருமில்லை. அவனும் இல்லை, அக்காவும் இல்லை.

படியில் இரண்டு பேர் இறங்கும் சத்தம்.

பிறகு ஏதோ உருண்டது. கடைசிப் படிவரை உருண்டது.

அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஒரே ஒரு ஆளின் காலடி, வெறுங்கால், அவசரமில்லாமல் படியேறி வந்தது.

மேஜையில் இரண்டு தட்டு.

உடைந்த பக்கத்திலிருந்து, கைக்குழந்தையோடு சிரிக்கும் அக்காவின் போட்டோ அவள் பக்கம் வந்தது.